கெஸ்டிலா கையெழுத்திட்ட பிழை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனை வாரியத் தலைவர் திரு. டெஸ்மண்ட் புரூயிட் அவர்களே, எக்ஸ்ரே துறையின் இன்றைய தலைவர் டாக்டர் ஃபியோனா மாக்லெம் அவர்களே, ஜெபித்துத் தொடங்கிவைத்த பாஸ்டர் சால்மெலா அவர்களே, தந்தையை இழந்து முன் வரிசையில் அமர்ந்திருக்கும் ஹெல்மி அவர்களே, இந்தப் பனியில் வண்டி ஓட்டி வந்து, கோட்டைக்கூடக் கழற்ற இடமில்லாமல் நெருக்கி அமர்ந்திருக்கும் பெல்ரோக் நகரத்து மக்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் ஓடில் கோட்ரோ. வயது எண்பத்திரண்டு. முப்பத்தெட்டு ஆண்டுகள் நம் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவள்.

தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் அதிகமாக எடுத்துக்கொள்வேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் சொன்ன நேரத்துக்குள் முடித்தார்கள். பல விஷயங்கள் தவறாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். டாக்டர் 1974இல் இந்த ஊருக்கு வந்தார் என்றார்கள். இல்லை, 1972 அக்டோபரில் வந்தார். மீன்பிடிப்பதில் ஆசை கொண்டவர் என்றார்கள். அவர் பிடித்து நான் ஒரு மீனையும் பார்த்ததில்லை. உறைந்த ஏரியின் நடுவில் ஒரு குடிசைக்குள் உட்கார்ந்தால் யாரும் வந்து பேசமாட்டார்கள், அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. யாரையும் காக்கவைத்ததில்லை என்றார்கள். எல்லோரையும் காக்கவைத்தார்! ஒரு படத்தின் முன் இருபது நிமிடம் நிற்பவர் எப்படிக் காக்கவைக்காமல் இருக்க முடியும்?

ஆனால் எல்லோரும் ஒன்றைச் சொல்லாமல் விட்டார்கள். இறந்தவரின் வீட்டார் முன்னால் வேண்டாம் என்று நாகரிகமாக விட்டார்கள். நான் விடப்போவதில்லை.

இந்த ஊரில் டாக்டர் ஆர்னே கெஸ்டிலாவின் பெயரைச் சொன்னால் அதன் பின்னாலேயே ஒரு கேள்வி வரும். "யாரு, கோட்ரோவச் சாகடிச்சாரே, அந்த டாக்டரா?" கடையில் கேட்டிருக்கிறேன். தேவாலயப் படிக்கட்டில் கேட்டிருக்கிறேன். போன வியாழக்கிழமை அவர் இறந்த செய்தி வந்த அரை மணி நேரத்தில், மருந்துக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் அதைத்தான் பேசினார்கள். நான் பின்னால் நிற்பது தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். ஏனென்றால் அந்தக் கோட்ரோ என் கணவர்.

ஆம். அவருடைய விதவைதான் இன்று இந்த ஒலிபெருக்கி முன் நிற்கிறாள். நாற்பத்தொரு ஆண்டுகளாக ஒரு மனிதரின் பெயரில் ஒட்டியிருக்கும் பழியில் பாதிக்கு மேல் அவருடையது அல்ல. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். மற்றவள் அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள்.

யார் இந்த கெஸ்டிலா? மரம் வெட்டும் முகாமில் சமைத்துப்போட்ட ஒரு ஃபின்னியத் தாயின் மகன். உயரம் ஆறடி நாலு அங்குலம். பேச்சு ஒரு நாளைக்கு நாலு வரி. அவர் வந்து சேர்ந்த ஊர் எப்படிப்பட்ட ஊர்? உங்களுக்குத் தெரியும். சுரங்கமும் ஐஸ் ஹாக்கியும்தான் நம் ஊர். மற்ற ஊர்களில் சளி பிடிப்பதுபோல இங்கே முகம் உடையும். சங்கிலி அறுந்து கன்னத்தில் அடிக்கும். ஹாக்கிப் பந்தயத்தில் பக் என்கிற ரப்பர் வட்டு பறந்துவந்து பல்லை எடுத்துப்போகும். நெடுஞ்சாலையில் மூஸ் மான் குறுக்கே பாய்ந்து காரின் முன்கண்ணாடியோடு உள்ளே வந்து விழும். அப்படி உடைந்து வரும் முகங்களை நான் படம் எடுக்க வேண்டும், அவர் அந்தப் படத்தைப் படித்துச் சொல்ல வேண்டும்.

அவர் வந்த முதல் நாள், ஒரு சுரங்கத் தொழிலாளியின் தாடைப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். இடப்பக்கம் முறிவு. குருடனுக்கும் தெரியும். எடுத்து உறைக்குள் போடப் போனேன். கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு வளைய ரொட்டியை எடுத்து நீட்டினார். ஃபின்னியர் கடையில் விற்கும் காய்ந்த ரொட்டி, கல் மாதிரி இருக்கும்.

"இத ஒரே ஒரு இடத்துல மட்டும் உடைச்சுக் காட்டுங்க."

உடைத்தேன். மூன்று துண்டாக வந்தது.

"தாடையும் வளையந்தான். ஒரு இடத்துல விட்டா இன்னொரு இடத்துலயும் விட்டிருக்கும். அது எங்கன்னு தேடணும்."

"நான் பன்னெண்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன் டாக்டர்."

"நல்லது. அப்ப ரெண்டாவது எங்க?"

பார்த்தேன். வலது காதுக்கு முன்னால், மூட்டுக்குச் சற்றுக் கீழே, மயிரிழை போல ஒரு கோடு. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மிச்ச ரொட்டியச் சாப்பிடுங்க. காப்பில நனைச்சுச் சாப்பிடுங்க. இல்லாட்டி அடுத்த படம் உங்களுத எடுக்க வேண்டி வரும்."

அன்றிலிருந்து நான் அவரிடம் கற்றேன். அதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின என்பது வேறு விஷயம். மற்ற மருத்துவர்கள் உடைந்த முகத்தை முகத்திலிருந்து பார்க்கத் தொடங்குவார்கள். இவர் பின்னாலிருந்து தொடங்குவார். மூளை ஒரு தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மூக்குக்கும் கண்ணுக்கும் மேலே அந்தத் தளம் முட்டை ஓடு போல மெலிந்திருக்கும். அதைத்தான் முதலில் பார்ப்பார். "முகம் உடைஞ்சா அழகு போகும். தளம் உடைஞ்சா ஆளே போவான். எத முதல்ல பாக்கணும்?" என்பார். நெற்றியிலிருந்து தாடை வரை மஞ்சள் மெழுகுப் பென்சிலால் படத்தின் மேல் கோடு இழுத்துக்கொண்டே வருவார். கோடு எங்கே தடுக்கியதோ அங்கே நிற்பார். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் முறிவைக் கடைசியில்தான் பார்ப்பார். "அது எங்க ஓடிடப் போகுது?"

இப்போது என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாமல் மேலே போக முடியாது.

அந்தக் காலத்தில் பழைய எக்ஸ்ரே படங்களை ஏழாண்டுக்கு ஒருமுறை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதிலுள்ள வெள்ளியை உருக்கி எடுப்பதற்காக. ஆகவே ஒருவன் இன்று மூக்கை உடைத்துக்கொண்டு வந்தால், இன்றைய முறிவு எது, பத்து ஆண்டுக்கு முந்திய முறிவு எது என்று ஒப்பிட்டுப் பார்க்கப் படம் இருக்காது. நம் ஊரிலோ பழைய முறிவு இல்லாத ஆண்மகன் முகமே கிடையாது! என்ன செய்வார்கள்? என்னைக் கேட்பார்கள். "ஓடில் மேடத்தக் கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்." துறை முழுக்க இதுதான் வழக்கம். எனக்குத் தெரியவும் தெரியும். ஞாயிறு பூசையில் பார்த்த முகங்கள். ஹாக்கி மைதானத்தில் பார்த்த முகங்கள்.

"டேய் கோயெட், இந்த மூக்கு எழுபத்தாறு ஃபைனல்ல உடைஞ்சதுதானே?"

"ஆமா மேடம். சத்தமாச் சொல்லாதீங்க, மாடிப்படியில விழுந்தேன்னு எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கேன்."

"உங்கம்மாவுக்கு அன்னைக்கே தெரியும்டா. என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். நான் பெருமைக்காரி. மடத்துப் பள்ளியில் என்னை வளர்த்த கன்னியர்கள் அதைக் கிள்ளி எறிய முயன்றார்கள், முடியவில்லை. இந்த ஊரின் ஒவ்வொரு மூக்கும் எனக்குத் தெரியும் என்ற பெருமை. அந்தப் பெருமைதான் என் கணவரைக் கொன்றது.

1981, பிப்ரவரி பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். என் கணவர் ரொஸேர் பனிவண்டியில் ஏரியைக் கடந்து வரும்போது பனிமேட்டில் மோதி, கைப்பிடியில் முகம் அடிபட்டது. அவரைத் தள்ளிக்கொண்டு வந்தபோது பணியில் நான் இருந்தேன். இன்னொரு டெக்னீஷியன் அறுவை அறையில் இருந்தாள். அவளை வரச்சொல்லியிருக்கலாம். நான் வேண்டாம் என்றேன். என்னைவிட ஒழுங்காக யார் எடுத்துவிடப்போகிறார்கள்?

ரொஸேருக்கு நினைவு இருந்தது. தாடை இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வாயோடு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அழகு போச்சாடி?"

"இருந்தாத்தானே போறதுக்கு. பேசாம படு."

அவரிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. ரத்தத்தோடு தண்ணீர் போல ஏதோ வழிந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். இருபது ஆண்டுக்கு மேல் அந்த வேலையில் இருந்தவளுக்குத் தெரியாதா? தளம் உடைந்தால் மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியாக இறங்கும். மற்றொருவர் மூக்கிலிருந்து வந்திருந்தால் அந்தக் கணமே கத்தியிருப்பேன். என் கணவர் மூக்கிலிருந்து வந்தபோது பஞ்சை எடுத்துத் துடைத்தேன். படத்துக்கு முகம் சுத்தமாக இருக்கட்டும் என்று துடைத்தேன்.

படத்தை மாட்டினேன். டாக்டர் கெஸ்டிலா வழக்கம்போல் பின்னாலிருந்து தொடங்கினார். தளத்துக்கு வந்தார். பென்சில் நின்றது. மூக்கின் வேரிலிருந்து ஒரு கோடு நெற்றிக்குள் ஏறிப் பின்னால் போயிற்று. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ரொஸேருக்கு முன்னாடி மூக்கு உடைஞ்சிருக்கா?"

"உடைஞ்சிருக்கு டாக்டர். ஐம்பத்தெட்டு மார்ச். நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"மூக்கு சரி. இந்த மேல போற கோடு?"

"அதுவும் அப்ப உடைஞ்சதுதான்."

"நிச்சயமாத் தெரியுமா, ஓடில்?"

"எனக்குத் தெரியாத மூக்கா? நான் கட்டிக்கிட்ட மூக்கு டாக்டர் அது!"

நண்பர்களே, 1958இல் நான் பார்த்தது என்ன? பதினெட்டு வயதுப் பெண்ணாக ஹாக்கி மைதானத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, ரத்தம் ஒழுகும் ஒரு வாலிபனைப் பார்த்தேன். அவருக்கு அன்று யாரும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. நான் கண்டது மூக்கை. அந்தக் கோட்டை நான் ஒருநாளும் கண்டதில்லை. காணாததைக் கண்டேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன்? பழையது என்றால் அவர் பிழைத்துவிடுவார். புதியது என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அத்துடன், அந்த அறையில் எல்லாம் தெரிந்தவள் நான்தான்.

டாக்டர் ரிப்போர்ட் எழுதினார். தாடையில் இரண்டு புதிய முறிவுகள். மூக்கிலும் நெற்றி எலும்பிலும் பழைய முறிவு. மண்டையோட்டுத் தளத்தில் புதிய முறிவு இல்லை. கையெழுத்து: ஏ. கெஸ்டிலா.

விழுங்கிய ரத்தத்தால் ரொஸேர் வாந்தி எடுக்கத் தொடங்கினார். வார்டு மருத்துவர் வயிற்றைக் காலி செய்ய மூக்கு வழியாகக் குழாய் விட்டார். அவர் மேல் குற்றமில்லை. அவர் கையில் இருந்த காகிதம் அதை அனுமதித்தது. தளம் உடைந்தவனுக்கு மூக்கு வழியாகக் குழாய் விடக்கூடாது என்பது அவருக்கும் தெரியும். உடையவில்லை என்று காகிதம் சொன்னதே!

குழாய் வயிற்றுக்குப் போகவில்லை. அது எங்கே போனது என்று காட்டிய படத்தை எடுத்ததும் நான்தான். ஈரம் சொட்ட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குழாய் அவர் தலைக்குள் சுருண்டு கிடந்தது.

புதன்கிழமை காலை அவர் இறந்தார். நாற்பத்து நான்கு வயது.

மே மாதம் நகர மன்றத்தில் மரண விசாரணை நடந்தது. உங்களில் வயதானவர்கள் அங்கே இருந்தீர்கள். நான் இரண்டாம் வரிசையில் கறுப்பு உடையில் இருந்தேன். வக்கீல் கேட்டார்: "டாக்டர், அந்த முறிவு பழசுன்னு எத வச்சு எழுதினீங்க?"

"என் கணிப்பு தப்பாப் போச்சு."

"வேற யாராவது உங்ககிட்ட அப்படிச் சொன்னாங்களா?"

அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. "கையெழுத்து என்னோடது," என்றார். வக்கீல் அதை எழுதிக்கொண்டார்.

நான் எழுந்தேன். பாதி எழுந்தேன். என் கைப்பை கீழே விழுந்தது. டாக்டர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை இலேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. பக்கத்திலிருந்த பெண்மணி, துக்கம் தாளாமல் எழுகிறேன் என்று நினைத்து என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தொரு ஆண்டுகள் உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

வெளியே கார்கள் நிற்கும் இடத்தில் அவரைப் பிடித்தேன். "என் தப்ப நீங்க எதுக்குத் தூக்கிச் சுமக்கறீங்க?" என்று கத்தினேன்.

"கேட்டது யாரு? நான். மேசையில படுத்திருக்கிறவரோட சம்சாரத்தக் கூப்பிட்டு, இது பழசா புதுசான்னு கேட்டேனே, எந்த மடையனாவது கேப்பானா? சந்தேகம் வந்துச்சுல்ல, புதுசுன்னு எழுதியிருக்கணும். எழுதல. அது உங்க தப்பு இல்ல."

"நான் பொய் சொன்னேன்."

"உங்க வீட்டுல மூணு பிள்ளைங்க இருக்கு. அப்பா போயாச்சு. அம்மா வாயாலதான் போனாருன்னு அதுங்க காதுல விழணுமா? வீட்டுக்குப் போங்க ஓடில். நான் இருக்கிற வரைக்கும் வாயத் திறக்காதீங்க. சத்தியம் பண்ணுங்க."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சத்தியம் செய்தேன். அவருக்காகவா செய்தேன்? இல்லை. எனக்கு வசதியாக இருந்தது, செய்தேன்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் கண்ணைத் துடைப்பதைப் பார்க்கிறேன். என்ன பெரிய மனசு என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் செய்ததும் சரியல்ல. எங்கள் மடத்துப் பள்ளி சிஸ்டர் சென்-போலின் சொல்லுவார்: முழுப் பொய்யை என்றைக்காவது பிடித்துவிடலாம், பாதி உண்மையைப் பிடிக்கவே முடியாது. அவர் சொன்ன பாதி உண்மை என் பிள்ளைகளைக் காப்பாற்றியது. அவருடைய சொந்தப் பிள்ளையைக் காப்பாற்றவில்லையே!

ஹெல்மி, உங்களுக்கு அப்போது பதினொரு வயது. ஸ்கேட்டிங் மைதானத்தில் ஒரு பையன் எல்லோர் முன்னாலும் உங்களிடம் கத்தினான்: "உங்கப்பனுக்குப் பழைய மூக்கு எது, புது மூக்கு எதுன்னே தெரியாதாமே! ஆளக் கொன்னுட்டு இன்னும் சம்பளம் வாங்குறானாமே!" நீங்கள் ஸ்கேட்டைக்கூடக் கழற்றாமல் பனியில் நடந்து வீட்டுக்குப் போனீர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பையனை எனக்குத் தெரியும். அவனுக்குப் பதின்மூன்று வயது. அவன் என் மகன் லூக். அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அவன் அதைப் பெருமையாகச் சொன்னான், அப்பாவுக்காகப் பேசினேன் என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் பட்டாணி சூப் ஊற்றினேன்.

டாக்டருக்குக் கண்டனக் கடிதம் வந்தது. துறைத் தலைவர் பதவி வரவே இல்லை. "எங்க படத்த வேற டாக்டர் பாக்கட்டும்" என்று சொன்ன குடும்பங்கள் உண்டு. அவர்கள் சொன்னதும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். ஊரை விட்டுப் போனாரா? போகவில்லை. முகப் படங்களைப் படிப்பதை விட்டாரா? விடவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் அதே விளக்குப் பெட்டியின் முன் நின்றார்.

ஒன்றே ஒன்று மாறியது. அந்த விசாரணை முடிந்த மறுவாரம் துறையின் வழக்கத்தை மாற்றினார். அதன்பின் எந்தப் படத்தைப் பற்றியும் யாரையும், என்னையோ நோயாளியையோ உறவினரையோ, இது பழசா என்று கேட்கக்கூடாது. பழைய படம் இருந்தால் வரவழைத்துப் பார். இல்லையென்றால் அது புதிய காயம். புதிய காயத்துக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய். அவ்வளவுதான்.

இளம் மருத்துவர்கள் முணுமுணுத்தார்கள். எத்தனை வீண் அலைச்சல் என்றார்கள். வீணா? ஒரு நாளைச் சொல்கிறேன். 1994 நவம்பர். ஒரு பெண் வந்தாள். பெயர் சொல்லமாட்டேன், அவள் இந்த மன்றத்தில்கூட இருக்கலாம். படியில் விழுந்தாள் என்று அழைத்துவந்த கணவன் சொன்னான். கன்ன எலும்பு உள்ளே அமுங்கியிருந்தது. அத்துடன் தாடை மூட்டில் ஒரு முறிவு. அவன் டாக்டர் அறைக்குள்ளேயே வந்துவிட்டான்.

"அந்தத் தாடை பழசு டாக்டர். எண்பத்தொன்பதுல கார் ஆக்சிடெண்ட்ல அடிபட்டது. எழுதிக்கோங்க."

"படம் இருக்கா?"

"படமெல்லாம் எங்க இருக்கும்? புருஷன் நான் சொல்றேன்ல!"

"படம் இல்லாட்டி புதுசு."

"யோவ், நீ கோட்ரோவ மேல அனுப்பிவச்ச டாக்டர்தானே? நீ எனக்குப் பழசு புதுசு சொல்றியா?"

நான் அங்கேதான் நின்றேன். டாக்டர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ஆமா, அந்த டாக்டர்தான். அதனாலதான் சொல்றேன்," என்றார். பிறகு தொலைபேசியை எடுத்து ஆறு ஊர் மருத்துவமனைகளைக் கூப்பிட்டார். மறுநாள் பேருந்தில் ஒரு உறை வந்தது. கார் விபத்துக்குப் பிறகு எடுத்த படம். தாடை முழுசாக இருந்தது. போலீஸ் வந்தது. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள்.

வருடந்தோறும் செப்டம்பரில், புதிதாகச் சேரும் டெக்னீஷியன்களுக்கு அவர் ஒரு வகுப்பு எடுப்பார். பாடத்துக்காக வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு படத்தை மாட்டுவார். அதன் ஓரத்தில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: "படத்தைப் படித்த மருத்துவரின் பிழை." அது ரொஸேரின் முகம். "இத நான் தப்பாப் படிச்சேன். ஒரு மனுஷன் செத்தான். எப்படித் தப்பாப் படிச்சேன்னு சொல்றேன், கேட்டுக்கோங்க," என்று தொடங்குவார். பதினேழு செப்டம்பர்கள், நான் ஓய்வு பெறும் வரை, அந்த அறையின் பின்சுவரில் சாய்ந்து நின்று கேட்டேன். என் கணவரின் எலும்புகள் வெளிச்சத்தில் தெரியும். முன்னால் ஒருவர் என் பாவத்தைத் தன்னுடையதாக அறிக்கையிடுவார். மாணவர்கள் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்தப் பரிதாபத்தையும் நான் வாங்கிக்கொண்டேன்.

ஜனவரியில் முதியோர் இல்லத்தில் அவரைப் பார்க்கப் போனேன். உடல் பாதியாகிவிட்டிருந்தது. கட்டிலில் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இப்பவாவது சொல்லட்டுமா ஆர்னே?" என்றேன். ஐம்பது ஆண்டில் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"இருக்கிற வரைக்கும்னுதானே சத்தியம். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க இஷ்டம். ஆனா நீளமாப் பேசாதீங்க."

அதை மட்டும் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

திரு. புரூயிட் அவர்களே, வசந்தத்தில் திறக்கப்போகும் புதிய ஸ்கேன் பிரிவுக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று ஊழியர்கள் கேட்டபோது, அந்தப் பழைய வழக்கைக் காட்டி உங்கள் வாரியம் மறுத்தது. பெயர் வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பெயர்ப்பலகை அவருக்கு எதற்கு? ஆனால் மறுத்த காரணம் இனிமேல் செல்லாது. நேற்று முன்தினம் வக்கீல் முன்னிலையில் நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு பிரதி மரண விசாரணை அலுவலகத்துக்குப் போய்விட்டது. இதோ, இந்த உறையில் இருப்பது உங்கள் வாரியத்துக்கு.

என் பிள்ளைகள் மூவருக்கும் சொல்லிவிட்டேன். மூத்தவள் ஜினெட் என்னோடு வந்திருக்கிறாள். இளையவன் தொலைபேசியில் அழுதான். லூக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். இன்று வரவில்லை. வருவானா என்று எனக்குத் தெரியாது. அதைத் தாங்கிக்கொள்வேன். தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஹெல்மி, உங்களிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். இத்தனை பேர் முன்னால் கேட்டால் நீங்கள் கொடுத்தே ஆகவேண்டும். அது நியாயமல்ல. உங்கள் தந்தை எந்தப் படத்திலும் தளத்தைப் பார்க்காமல் விட்டவரல்ல. என் கணவரின் படத்திலும் பார்த்தார். கோட்டைக் கண்டார். நின்றார். அது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

இரங்கல் கூட்டங்களில் இறந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று சூளுரைப்பது வழக்கம். எண்பத்திரண்டு வயதுக் கிழவி எதைத் தொடர முடியும்? டாக்டர் மாக்லெம், நேற்று உங்களிடம் வகுப்பறைச் சாவியைக் கேட்டேன். "எதுக்கு மேடம்?" என்றீர்கள். "நாளைக்கு மேடையில சொல்றேன்" என்றேன். இப்போது சொல்கிறேன். டாக்டர் ஓய்வு பெற்றதோடு அந்த வகுப்பு நின்றுபோனது. வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அது மறுபடி தொடங்கும். என் காலில் நிற்க முடிகிற வரைக்கும் வருடந்தோறும் நடக்கும். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன்கள் எல்லோரும் வர வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும். படத்தை நானே மாட்டுவேன். ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டை நானே உரித்தெடுப்பேன். பிறகு உங்களிடம் சொல்வேன்: இவர் ரொஸேர் கோட்ரோ, என் கணவர். இந்தக் கோடு அன்றைக்கு உடைந்தது. டாக்டர் கெஸ்டிலா இதைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். நிச்சயமாகத் தெரியுமா என்று திரும்பவும் கேட்டார். இரண்டு தடவையும் பதில் சொன்னவள் நான்.